பழைய லேத் வாங்குமுன்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கத்தில் பந்தி முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மையார் அருகில் வந்து, "அண்ணா, நீங்க ரயில்வே பட்டறையில இருந்தவராமே. என் பையன் லேத் ஒண்ணு வாங்கணும்கறான். என் ரெட்டை வடச் சங்கிலியை வச்சுத்தான் பணம் புரட்டணும். நீங்க ஒரு தடவை பார்த்துச் சொன்னா மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். பின்னாலேயே பையனும் வந்து நின்றான். ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி முடித்தவன். ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகளாக வேலை. அங்கே சி.என்.சி. இயந்திரங்கள் வந்தபிறகு ஆள் குறைப்பு நடக்கிறது. அதனால் சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்து, பம்பு ஷாஃப்ட், புஷ், மோட்டார் மூடி போன்ற பழுதுபார்க்கும் வேலைகளை எடுத்துச் செய்யலாம் என்று எண்ணம். வியாபாரி அனுப்பிய வீடியோவைக் கைபேசியில் காட்டினான். பச்சை வண்ணம் பூசிய அழகான லேத் ஒன்று சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, பார்க்க நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. 1997ல் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், தம்பிக்குத் தொழில் அமைத்துக் கொடுப்பதற்காக ஒரு பழைய லேத் பார்த்தார். துணைக்கு என்னை அழைத்துப் போனார். இங்கிலாந்துக் கம்பெனிப் பெயர்த்தகடு, பிறைப் பிறையாகச் சுரண்டல் அடையாளம் மின்னும் பெட், தையல் மெஷின் மாதிரி ஓட்டம். அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு "தைரியமா வாங்குங்க" என்றேன். வாங்கி நிறுத்திய மூன்றாம் மாதத்தில், பேரிங் உட்காரும் இடத்தை அதில் அளவுக்குக் கடைய முடியவில்லை என்று தெரிந்தது. சக்கு அருகே ஓர் அளவும் அதற்கு நான்கு விரற்கடை தள்ளி வேறோர் அளவும் வந்தன. இரண்டு வருடம் போராடிவிட்டு எடைக்குப் போட்டார்கள். நண்பர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அன்று நான் பார்க்கத் தவறியது என்ன என்பதை இங்கே எழுதுகிறேன். கொல்கத்தா, ஹவுரா பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் இளைஞர்கள் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தொழில் தெரியாத பெற்றோர் பணம் போடுகிறார்கள். அவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். தொழில் தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

மோர் கடைகிறோம், மரம் கடைகிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். மத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் அது சுழல்வதைப் போலவே, அந்தக் காலத்துக் கடைசல்காரரும் மரத்துண்டில் வாரையோ கயிற்றையோ சுற்றி இழுத்துச் சுழலவிட்டு, உளியைக் கையால் பிடித்துச் சீவினார். இரும்பைக் கடையும் லேத்தில் உளியைக் கையால் பிடிக்க முடியாது. அதை ஒரு வண்டியில் பூட்டி, அந்த வண்டியை ஒரு தண்டவாளத்தின் மேல் ஓட்டவேண்டும். தண்டவாளம்தான் பெட். வண்டிதான் சாடில். இடக்கோடியில் வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கும் அதன் பின்னால் ஹெட்ஸ்டாக்கும் இருக்கும். வலக்கோடியில் துண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக். சாடிலை ஒரே சீராக நகர்த்தித் திருகுப்புரி வெட்டுவதற்கு முன்பக்கத்தில் நீளமாக ஒரு லீட் ஸ்குரூ. இவ்வளவுதான் லேத். தண்டவாளம் கோணினால் வண்டி கோணும், வண்டி கோணினால் உளி கோணும். ரயில்வேக்காரனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1997ல் இதே ரயில்வேக்காரன் தண்டவாளத்தைப் பார்க்காமல் வண்டியின் வண்ணத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

முதலில் இயந்திரம் எது என்று அடையாளம் காண்பது பற்றி.

இந்தப் பகுதியில் பழைய லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஜமால்பூர் ரயில்வே பட்டறை 1862ல் தொடங்கியது. ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளிலும் பழுதுபார்க்கும் பட்டறைகள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் அந்நாளில் இங்கிலாந்திலிருந்துதான் இயந்திரங்கள் வந்தன. ஆலைகள் மூடப்பட்டும் பட்டறைகள் புதுப்பிக்கப்பட்டும் அவை கைமாறிக் கைமாறி ஹவுராவின் சந்துகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பெலிலியஸ் ரோடு பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும்.

பெயர்த்தகட்டை நம்பாதீர்கள். நான்கு ரிவெட் அடித்தால் எந்தத் தகடும் எந்த லேத்திலும் உட்காரும். தகட்டைச் சுற்றி வண்ணம் புதிதாக இருக்கிறதா, அருகில் பழைய துளைகளை அடைத்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துகளைத்தான் நம்பலாம். அவை ஹெட்ஸ்டாக் மூடியிலோ, பெட்டின் பக்கவாட்டிலோ, காலிலோ இருக்கும். வரிசை எண்ணைப் பெரும்பாலும் பெட்டின் டெயில்ஸ்டாக் முனையில் தேடவேண்டும். அமெரிக்க சவுத் பெண்ட் லேத்துகளில் அது அந்த முனையில், பெட்டின் மேல்முகத்திலேயே அடித்திருக்கும். கெரசின் துணியால் அழுக்கைத் துடைத்தால் தெரியும்.

பெயர் தெரிவதால் என்ன லாபம்? பெருமைக்கு ஒன்றுமில்லை, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான். கீத்லி நகரில் 1865ல் தொடங்கிய டீன் ஸ்மித் அண்ட் கிரேஸ் கம்பெனியின் லேத் உலகத்தரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் கியர் ஒன்று உடைந்தால் புதிதாக வெட்டித்தான் போடவேண்டும். நம் நாட்டில் கிர்லோஸ்கர் லேத்துகள் ஹரிஹரில் 1941ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆலையில் உருவானவை. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டாலும் லேத்துகள் நாடெங்கும் ஏராளம். அதனால் ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட வழி உண்டு. 1953ல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனித் துணையோடு தொடங்கிய எச்.எம்.டி. பற்றி நான் சொல்லவே வேண்டாம். அதன் எல்.பி.17, என்.எச்.22, என்.எச்.26 என்ற பெயர்களிலுள்ள எண், சென்டர் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்கிறது. 22 என்றால் 220 மி.மீ. பஞ்சாபின் பட்டாலாவிலிருந்தும் குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்தும் வரும் லேத்துகள் எளிய அமைப்புள்ளவை. ஒன்றுக்கொன்று தரம் மிகவும் மாறும். நல்லதும் உண்டு, கூடையில் போடவேண்டியதும் உண்டு.

அளவு சொல்லும் முறையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் கடைவீதியில் "நாலரை அடி லேத்", "6 அடி லேத்" என்பது பெட்டின் மொத்த நீளம். அதில் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உட்கார்ந்தபின், 6 அடி லேத்தில் சென்டர்களுக்கு நடுவே ஏறக்குறைய 3 அடி ஷாஃப்ட்தான் பிடிக்கும். இங்கிலாந்துக்காரர் சென்டர் உயரத்தைச் சொல்வார். அமெரிக்கர் அதன் இரு மடங்கை, அதாவது எவ்வளவு விட்டமுள்ள துண்டு சுற்றும் என்பதைச் சொல்வார். ஆக, அவருடைய 13 அங்குலமும் இவருடைய ஆறரை அங்குலமும் ஒன்றே.

படிப்படியான கோன் புல்லியும் பட்டை பெல்ட்டும் இருந்தால் "வெள்ளைக்காரன் காலத்து லேத்" என்று வியாபாரி விலையை ஏற்றுவார். அது உண்மையாகவும் இருக்கலாம். கூரையடியில் ஓடும் ஒரே நீண்ட ஷாஃப்டிலிருந்து பத்து இயந்திரங்களுக்கு பெல்ட் இறங்கிய காலத்தில் எல்லா லேத்துகளும் அப்படித்தான் இருந்தன. ஆனால் நம் சிறு தயாரிப்பாளர்கள் அதே கோன் புல்லி அமைப்பைச் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே புல்லியை வைத்து வயதைச் சொல்லமுடியாது.

அங்குலமா மில்லிமீட்டரா என்பது அதைவிட நல்ல துப்பு. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956ல் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே வந்த இயந்திரங்கள் பெரும்பாலும் அங்குலம்தான். டயலில் எழுத்து அழிந்திருந்தால் கவலையில்லை. கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைச் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, அது எவ்வளவு நகர்ந்தது என்று வெர்னியரால் அளந்து பாருங்கள். 30, 40, 50 மி.மீ. என்று முழு எண் வந்தால் மெட்ரிக். 25.4, 31.75, 50.8 என்று வந்தால் அங்குலம்.

அங்குல லேத் என்றால் ஒதுக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் இன்று வரும் வேலையெல்லாம் மெட்ரிக் புரி. அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. இதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால் 127 பல் உள்ள ஒரு சக்கரம் இருந்தால் அங்குல லீட் ஸ்குரூவிலிருந்து மெட்ரிக் புரி துல்லியமாக வெட்டலாம். அங்குலத்துக்கு 4 புரி உள்ள லீட் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 6.35 மி.மீ. நகர்த்தும். ஓட்டும் சக்கரம் 40 பல், ஓடும் சக்கரம் 127 பல் என்று பூட்டினால் 6.35ஐ 40ஆல் பெருக்கி 127ஆல் வகுக்க, சரியாக 2 மி.மீ. வரும். 30 பல் போட்டால் ஒன்றரை மி.மீ. ஆகவே சேஞ்ச் கியர்கள் முழுத் தொகுதியாக இருக்கின்றனவா, அவற்றில் 127 இருக்கிறதா என்று பல்லை எண்ணியே பாருங்கள். லேத்தை விற்கும்போது கியர்கள் எங்கோ பரணில் கிடக்கும். "அப்புறம் அனுப்புகிறேன்" என்பார்கள். அப்புறம் வராது.

இனி பெட். என்ன அவசரமானாலும் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை இதற்கே கொடுங்கள்.

பெரும்பாலான வேலைத்துண்டுகள் குட்டையானவை. அதனால் சாடில் ஆயுள் முழுவதும் சக்குக்கு அருகில் உள்ள ஒன்றரை அடியிலேயே போய்வருகிறது. பொடியும் அங்கேதான் விழுகிறது. வெட்டும் விசையும் முன்பக்கத் தண்டவாளத்தைத்தான் அதிகம் அழுத்துகிறது. ஆகவே தேய்மானத்தை நீங்கள் தேடவேண்டிய இடம் சக்கின் கீழே, நீங்கள் நிற்கும் பக்கம். டெயில்ஸ்டாக் முனை அநேகமாகப் புதிது போலவே இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் லேத்தின் உண்மையான வயது.

கொஞ்சம் தேய்ந்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். உளி நேர் கீழாக இறங்கினால் உண்மையிலேயே பெரிய கெடுதல் இல்லை. 50 மி.மீ. துண்டில் உளி 0.2 மி.மீ. தாழ்ந்தாலும் விட்டம் மாறுவது மைக்ரோமீட்டரில் தெரியாத அளவுதான். ஆனால் முன்பக்கம் மட்டும் தேயும்போது சாடில் இறங்குவதோடு நிற்பதில்லை, நம்மை நோக்கிச் சாய்கிறது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 250 மி.மீ., பெட்டிலிருந்து உளிமுனை 200 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 0.1 மி.மீ. தேய்ந்தால் உளிமுனை 0.08 மி.மீ. வெளியே வருகிறது. விட்டத்தில் அது இரு மடங்காகி 0.16 மி.மீ. ஆகிறது. பேரிங் உட்காரும் இடத்துக்கு நூறில் ஒன்றிரண்டு மி.மீ.தான் அனுமதி. என் நண்பருடைய தம்பி திணறியது ஏன் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்கு டிப்ளமோ படிக்கும்போதே தெரியும். அளந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

சோதிக்கும் விதம் இது. பெட்டைத் துடைத்துவிட்டு, சக்குக்குக் கீழே முன்பக்கத் தண்டவாளத்தின் ஓரத்தில் விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். சாடில் தொடாத ஓரம் தேயாமல் நிற்பதால் ஒரு படி நகத்தில் தட்டும். நகம் தட்டினால் அளக்கவேண்டும். தட்டாவிட்டாலும் அளக்கவேண்டும். ஏனென்றால் அந்தப் படியை அரத்தால் தேய்த்துவிட்டு, மேலே சுரண்டியால் பிறை பிறையாகக் கோலம் போடுவது பழைய வித்தை. 1997ல் நான் ஏமாந்தது அதில்தான். உண்மையான சுரண்டல் வேலை பெட் முழுவதும் ஒரே சீராக, உயர்ந்த புள்ளிகளை மட்டும் தொட்டிருக்கும். கோலச் சுரண்டல் கண்ணில் படும் இடத்தில் மட்டும் அழகாக இருக்கும். இருபது வருடம் உழைத்த லேத்தின் சக்கடியில் புத்தம்புதிய பிறைகளைக் கண்டால் மகிழவேண்டாம்.

அடுத்து, சாடில் பூட்டைச் சக்கு அருகே வைத்து, கையால் தள்ளினால் லேசாக உராய்ந்து நகரும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு சாடிலை டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். நல்ல லேத்தில் அதே உராய்வோடு கடைசிவரை போகும். தேய்ந்த லேத்தில் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். இதற்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை. தொழில் தெரியாத தாயாரே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

காந்தப் பிடியுள்ள டயல் கேஜ் இருந்தால் அதைச் சாடிலின் முன்பக்கம் நிறுத்தி, முள்ளை டெயில்ஸ்டாக் ஓடும் தண்டவாளத்தில் வையுங்கள். பல லேத்துகளில் சாடிலுக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் தனித்தனித் தடங்கள் இருக்கும். டெயில்ஸ்டாக் சக்குக்கு அருகே அபூர்வமாகத்தான் வருவதால் அதன் தடம் தேயாதிருக்கும். சாடிலை வலமிருந்து இடமாக நகர்த்தும்போது முள் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு பள்ளம். இரண்டுக்கும் ஒரே தடம் என்றால் ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கில் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். என் கணக்கில் 0.05 மி.மீ. வரை பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போதும். 0.1 மி.மீ. என்றால் விலையில் பேசவேண்டும். அதற்கு மேல் என்றால் பெட்டை கிரைண்டிங் செய்யாமல் முடியாது. கிரைண்டிங் என்பது தேய்த்துவிட்டு வருவதோடு முடிவதல்ல. சாடில் தாழ்ந்துவிடுவதால் லீட் ஸ்குரூவோடு நேர் சேராது. அடியில் டர்சைட் பட்டை ஒட்டி மீண்டும் உயர்த்திச் சுரண்டவேண்டும். அந்தச் செலவில் வேறு லேத் பார்க்கலாம்.

இயந்திரம் இதுவரை என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. வார்ப்பிரும்பு உருளைகளையே கடைந்துகொண்டிருந்த லேத்தும், எமரிக் கல்லைப் பூட்டி கிரைண்டிங் செய்யப் பயன்பட்ட லேத்தும் பத்து வருடத்தில் பெட்டைத் தின்றிருக்கும். பயிற்சிப் பள்ளியிலிருந்து வரும் லேத்தின் கதை வேறு. மாணவர்கள் கியர் பல்லை உடைப்பார்கள், சக்கில் உளியை மோதவிடுவார்கள், சாடிலிலேயே துளை போட்டுவிடுவார்கள். பெட்டைத் தேய்க்கும் அளவுக்கு அவர்கள் வேலை செய்வதில்லை! நானும் அப்படிப்பட்ட மாணவனாக இருந்தவன்தான்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸ்பிண்டில் ஆட்டம் பார்க்க, சக்கின் மேல் டயல் கேஜ் முள்ளை வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்புங்கள். முள் 0.02 மி.மீ.க்குள் அசைந்தால் நலம். 0.05 மி.மீ. அசைந்தாலும் பயந்துவிட வேண்டாம். வெண்கல பேரிங் உள்ள பழைய லேத்துகளில் ஷிம் எடுத்தும், ரோலர் பேரிங் உள்ளவற்றில் நட்டை இறுக்கியும் சரிசெய்ய வழி உண்டு. பிறகு அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தியபின் பேரிங் மேல் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றும் சூடு என்றால் ஏதோ கோளாறு. சக்கில் பிடித்த துண்டு தள்ளாடினால் உடனே ஸ்பிண்டிலைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் சக்கின் தாடைகள்தான் வாய் விரிந்திருக்கும். சக்கைத் திருகி மாட்டும் மூக்கு என்றால் ஒரு எச்சரிக்கை: வேகத்தில் ரிவர்ஸ் போட்டால் சக்கு தானாகக் கழன்று காலில் விழும்.

பேக் கியரைப் போட்டு மெதுவாகச் சுற்றி, பல்லைப் பல்லாகப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை 'டக்' என்றால் ஒரு பல் இல்லை, அல்லது பற்றவைத்த பல். கழல மறுக்கும் சக்கைக் கழற்ற பேக் கியரைப் பூட்டாகப் பயன்படுத்தும் கெட்ட பழக்கத்தால் உடைவதுதான் அதிகம். வார்ப்புகளில் பொன்னிறக் கோடு தெரிந்தால் அது பித்தளைப் பற்று, எப்போதோ விழுந்து உடைந்திருக்கிறது.

ஹாஃப் நட்டைப் பூட்டிவிட்டு சாடிலை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சக்கு அருகே ஆடும் அளவும் வலக்கோடியில் ஆடும் அளவும் ஒன்றானால் நட்டு மட்டும் தேய்ந்தது, மாற்றிவிடலாம். சக்கு அருகே மட்டும் அதிகம் ஆடினால் லீட் ஸ்குரூவே தேய்ந்திருக்கிறது, அது செலவு. கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வரை சும்மா சுற்றினாலும் பாதகமில்லை. எப்போதும் ஒரே திசையில் வந்து அளவு வைக்கும் பழக்கம் நம் பையன்களுக்கு உண்டு. டெயில்ஸ்டாக் அடி தேய்ந்து சென்டர் தாழ்ந்திருக்கும், ஷிம் வைத்தால் தீரும்.

கடைசியாக ஒரு வெட்டு. பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927ல் இயந்திரங்களைச் சோதிக்க ஒரு கையேடு வெளியிட்டார். பின்னாளில் நாஜிகளால் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் பணி தொடர்ந்தவர். லேத்தோடு வரும் சோதனை அட்டைகள் அவர் வகுத்த வழியில் வந்தவை. அத்தனையும் சந்தில் செய்யமுடியாது. 40 மி.மீ. தடியைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டவிட்டு, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், இரு முனையிலும் நடுவிலும் ஒவ்வொரு வளையம் விட்டு இடைப்பட்டதைக் குறைத்துவிடுங்கள். பிறகு உளியை அசைக்காமல் ஒரே லேசான ஓட்டத்தில் மூன்று வளையங்களையும் கடைந்து மைக்ரோமீட்டரால் அளவுங்கள். வித்தியாசம் 0.03 மி.மீ.க்குள் என்றால் பணம் கொடுக்கலாம். சாய்வு சீராக இருந்தால் ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்கலாம், அல்லது லேத் சமதரையில் இல்லாமல் பெட் முறுக்கியிருக்கலாம். துல்லிய ரசமட்டம் வைத்து நிறுத்தினால் இரண்டாவது போய்விடும். சீராக இல்லாமல் சக்கு அருகே மட்டும் திடீரென்று பருமன் கூடினால் அது பெட் பள்ளம். அதற்கு ரசமட்டத்தில் மருந்தில்லை. தம் உளியைத் தாமே பூட்டி, தம் தடியைத் தாமே வெட்டிக் காட்டும் வியாபாரியிடம், "நான் கொண்டுவந்த தடியில் பார்க்கலாமே" என்று பணிவாகக் கேட்கவேண்டும்.

விலை போடும் முறையில் நான் தலைகீழாகப் போவேன். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அது அடிமட்டம். அதோடு நல்ல சக்கு, ஸ்டெடி, முழு கியர் தொகுதி ஆகியவற்றைத் தனியே விற்றால் வரும் விலையைக் கூட்டுங்கள். பெட் தேறினால் அதற்கொரு தொகை. பிறகு பழுதுச் செலவு, ஏற்றி இறக்கும் கூலி, மின் இணைப்பு ஆகியவற்றைக் கழியுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரை வாங்கி ஒற்றை ஃபேஸ் வீட்டில் நிறுத்திவிட்டு விழிப்பவர்கள் உண்டு. ஒற்றை ஃபேஸ் மோட்டார் மாற்றவேண்டும், அல்லது வி.எஃப்.டி. பெட்டி வைக்கவேண்டும், இல்லையேல் புதிய இணைப்புக்கு எழுதிப்போட வேண்டும். எதுவானாலும் அது லேத்தின் விலையில் சேர்ந்ததே.

பையனோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். வீடியோவில் பார்த்த பச்சை லேத்தின் சாடில் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. வியாபாரி "எண்ணெய் போடவில்லை" என்றார். எண்ணெய் போட்டோம். மறுபடியும் அதே இடத்தில் சிக்கியது. பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனே டயல் கேஜை எடுத்து வைத்தான். 0.18 மி.மீ. காட்டியது.

இரண்டாவது ஒரு கோன் புல்லி லேத். பெட் பரவாயில்லை, ஆனால் சேஞ்ச் கியர் மூன்றே மூன்று, பையனுக்கு வேண்டியதோ புரி வெட்டும் வேலை. மூன்றாவது, ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து ஏலத்தில் வந்து மூலையில் கிடந்த 6 அடி பட்டாலா லேத். வண்ணம் உரிந்து, புறா எச்சத்தோடு, பார்க்கச் சகிக்கவில்லை. பேக் கியரில் இரண்டு பல் இல்லை. சாடிலில் எந்தப் பையனோ போட்ட மூன்று துளைகள். ஆனால் நகம் எங்கும் தட்டவில்லை. டயல் கேஜ் 0.03க்கு மேல் ஓடவில்லை. 127 பல் சக்கரம் துருப்பிடித்து ஒரு டின்னுக்குள் இருந்தது. உடைந்த பல்லைக் காட்டி, கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். குறைந்த அந்தப் பணத்தால் சங்கிலி முழுவதையும் வைக்காமல் வளையல்களோடு தீர்ந்தது என்று அந்த அம்மையார் பிறகு சொன்னார்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பேக் கியருக்குப் பல் வைத்தாயிற்று. ஒரு பம்பு ஷாஃப்ட் சக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. டெயில்ஸ்டாக்குக்கு இன்னும் ஷிம் வைக்கவில்லை. நான் ரசமட்டம் கொண்டுவந்தபின் வைக்கலாம் என்று காத்திருக்கிறான்.